நீலகிரியின் தங்கப் புழு: ஓர் உருளைக்கிழங்கு ஆராய்ச்சியின் வரலாறு

பூரிக்கு மசாலா, தயிர் சாதத்துக்கு வறுவல், டீக்கடையில் போண்டா, தியேட்டரில் சிப்ஸ்... உருளைக்கிழங்கு இல்லாத ஒரு நாளைத் தமிழ்நாட்டில் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் கேன்டீன்களில் இருந்து திருவள்ளூர் கல்யாண மண்டபங்கள் வரை மூட்டை மூட்டையாகச் செலவாகும் காய் இது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் இது விளைவதில்லை! பொன்னேரிப் பக்கம் நெல் விளையும், நிலக்கடலை விளையும். உருளை மட்டும் வராது.

காரணம் எளிது. உருளைக்கிழங்கு என்பது வேர் அல்ல, தண்டு. மண்ணுக்குள் போகும் ஒரு கிளையின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. அதில் இருக்கும் 'கண்'கள் எல்லாம் தண்டின் கணுக்களே. அதனால்தான் ஒரு துண்டில் ஒரு கண் இருந்தாலும் புதிய செடி முளைக்கிறது. இரவு வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அந்த நுனி நன்றாகப் பருக்கும். வெப்பம் கூடினால் இலையும் தண்டும் செழிக்கும், மண்ணைத் தோண்டினால் ஒன்றும் இருக்காது. வட இந்தியச் சமவெளிகளில் குளிர்காலத்தில் பயிரிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தக் குளிர் மலைகளில்தான் உண்டு. எனவே இங்கே உருளைக்கிழங்கின் வரலாறு என்றால் அது பெரும்பாலும் நீலகிரியின் வரலாறு.

அந்த வரலாற்றில் ஒரு வில்லன் உண்டு. கடுகை விடச் சிறியவன். அவனைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

ஆண்டீஸ் மலையில் இருந்து ஊட்டிக்கு

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள ஆண்டீஸ் மலைப்பகுதியில் சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இதைப் பயிராக்கி விட்டார்கள். இரவுப் பனியில் உறைய வைத்து, பகலில் மிதித்து, வெயிலில் காய வைத்துப் பல ஆண்டுகள் கெடாமல் சேமிக்கும் முறையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காய்ந்த கிழங்குக்கு 'சுன்யோ' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியர்கள் வழியாக இது ஐரோப்பாவுக்குப் போனது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

நீலகிரிக்கு இதைக் கொண்டு வந்தவர் என்று சொல்லப்படுபவர் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819ல் மலையேறி, 1820களில் ஊட்டியில் கல்வீடு கட்டிக் குடியேறியவர். வீட்டைச் சுற்றி ஐரோப்பியக் காய்கறிகளைப் போட்டுப் பார்த்தார். மலையின் குளிரும் மழையும் உருளைக்கிழங்குக்குப் பொருந்திப் போயின. காலப்போக்கில் வெள்ளைக்காரர்களின் தோட்டத்தில் இருந்து படுகர் இன விவசாயிகளின் வயலுக்கு அது இறங்கியது. சாமையும் ராகியும் விளைந்த சரிவுகளில் உருளை வந்தது. பணமும் வந்தது.

நீலகிரியில் இன்னொரு வசதியும் உண்டு. வட இந்தியச் சமவெளியில் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு போகம். நீலகிரியில் மூன்று! கார்போகம், கடைப்போகம், நீர்ப்போகம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு வயலில் உருளை இருந்துகொண்டே இருக்கும். விவசாயிக்கு இது வரம். நோய்க்கும் பூச்சிக்கும் கூட இது வரம்தான். சாப்பாடு என்றைக்கும் தீராதே!

முதல் அடி: கருகல் நோய்

உருளைக்கிழங்கின் மிகப் பெரிய எதிரி இலைக்கருகல் நோய். 'பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ்' என்ற பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் வருவது. 1845ல் தொடங்கி அயர்லாந்தை அழித்தது இதுதான். ஒரே பயிரை நம்பி இருந்த நாட்டில் அந்தப் பயிர் வயலிலேயே அழுகியது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டை விட்டே கப்பல் ஏறினார்கள். அந்த நோய்க்கு இந்த நுண்ணுயிரிதான் காரணம் என்று ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி 1861ல் நிரூபித்தார்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது எங்கே தெரியுமா? நீலகிரியில்தான், 1870க்கும் 1880க்கும் இடையில். ஐரோப்பாவில் இருந்து வந்த விதைக்கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பிறகு வடக்கே இமயமலைப் பகுதிகளிலும் அது தலைகாட்டியது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949ல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் பாட்னாவில் தொடங்கப்பட்டது. 1956ல் சிம்லாவுக்கு மாறியது. சிம்லா அருகே குஃப்ரி என்ற மலைக் கிராமத்தில் நடக்கும் கலப்பினப் பணியால்தான் நம் நாட்டு ரகங்களுக்கு எல்லாம் 'குஃப்ரி' என்ற முன்பெயர் (பலர் இதை ஏதோ விஞ்ஞானியின் பெயர் என்றே நினைக்கிறார்கள்). தென்னிந்திய மலைகளுக்காக 1957ல் ஊட்டியை அடுத்த முத்தோரையில் ஒரு கிளை ஆராய்ச்சி நிலையம் வந்தது.

முத்தோரைக்கு முதலில் கொடுத்த வேலை கருகலைச் சமாளிப்பது. அப்போது நீலகிரி முழுக்க 'கிரேட் ஸ்காட்' என்ற பிரிட்டிஷ் ரகம்தான். பெயரில் இருந்த கம்பீரம் கருகலுக்கு முன்னால் இல்லை. 1963ல் குஃப்ரி நீலா, 1968ல் குஃப்ரி நீலமணி, 1971ல் குஃப்ரி முத்து என்று அடுத்தடுத்து ரகங்கள் வந்தன. 1968ல் வெளியான குஃப்ரி ஜோதி இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டி, இந்தியா முழுக்கப் பிரபலமானது. நீலகிரி விவசாயி கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்ட ரகமும் அதுதான்.

ஆனால் இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே மண்ணுக்குள் வேறு ஒன்று இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

1961

அந்த ஆண்டு இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நூற்புழுவியல் அறிஞர் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் ஊட்டிக்கு வந்தார். விஜயநகரம் பண்ணையில் ஓர் உருளைக்கிழங்கு வயல். செடிகள் சில இடங்களில் திட்டுத் திட்டாகக் குட்டையாக, வெளிறிப் போய் நின்றன. உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் செடியின் வேரைப் பார்த்தார். குண்டூசித் தலையை விடச் சிறிய, மஞ்சள் நிற மணிகள் வேரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

வேறு யாராவது பார்த்திருந்தால் மண் துகள் என்று தட்டி விட்டிருப்பார்கள். ஜோன்ஸ் தன் நாட்டில் ஆயுள் முழுக்க ஆராய்ந்தது இந்த மணிகளைத்தான். இது உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு. தங்க நிறத்தால் 'தங்க நூற்புழு' என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டே 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அவர் இதைப் பற்றி எழுதினார். இந்தியாவில் இந்தப் புழு இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

புழு எப்படி வந்தது? இதில் ஒரு விசித்திரம் உண்டு. அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பிறகு, கருகலைத் தாங்கும் கிழங்குகளைத் தேடி ஐரோப்பியர்கள் மறுபடியும் ஆண்டீஸுக்குப் போனார்கள். அங்கிருந்து கொண்டு வந்த கிழங்குகளோடு இந்தப் புழுவும் ஐரோப்பாவுக்கு வந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கருத்து. ஒரு நோய்க்கு மருந்து தேடப் போய் இன்னொரு நோயை வாங்கி வந்த கதை! 1881ல் ஜெர்மனியில் இது முதலில் கவனிக்கப்பட்டது. ரோஸ்டாக் என்ற ஊரின் பெயரே இதன் அறிவியல் பெயரிலும் நிலைத்தது. இன்று அதன் பெயர் 'குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ்'. ஐரோப்பாவில் இருந்து இறக்குமதியான விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது நீலகிரி ஏறியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அப்படியானால் ஜோன்ஸ் பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அது அங்கே குடியிருந்திருக்கும்.

இருபது வருடம் தூங்கும் முட்டை

இந்தப் புழுவின் வாழ்க்கை முறையைத் தெரிந்துகொண்டால்தான் விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு பயந்தார்கள் என்பது புரியும்.

மண்ணில் கிடக்கும் ஒரு முட்டைக்கூட்டில் 200 முதல் 500 முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கின் வேர் வளரும்போது அதிலிருந்து சில வேதிப்பொருட்கள் மண்ணில் கசியும். முட்டைக்குள் தூங்கும் புழுவுக்கு அதுதான் அலாரம்! உடனே பொரிந்து வெளியே வந்து வேர் நுனியைத் துளைத்து உள்ளே போகும். செடியின் செல்களையே தனக்குச் சோறு ஊட்டும் செல்களாக மாற்றிக்கொள்ளும். வயிறு நிறையச் சாப்பிடும் புழு பெண்ணாகும், சாப்பாடு போதாவிட்டால் ஆணாகும். (பாலினத்தைச் சாப்பாடு தீர்மானிக்கும் விந்தை!) பெண் புழு உருண்டையாகப் பருத்து வேரைப் பிளந்து வெளியே தெரியும். தலை மட்டும் வேருக்குள். முதலில் வெள்ளை, பிறகு தங்க மஞ்சள், கடைசியில் பழுப்பு. இறந்ததும் அதன் தோலே கெட்டியான கூடாகி முட்டைகளைக் காக்கும். இது எல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும்.

அடுத்த உருளைச் செடி வரும் வரை அந்த முட்டைகள் காத்திருக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. 20 ஆண்டுகளுக்கு மேல் கூட! அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது, வறட்சியும் ஒன்றும் செய்யாது. செருப்பில் ஒட்டிய மண், மண்வெட்டி, கோணிப்பை, மலைச்சரிவில் ஓடும் மழைத்தண்ணீர் எல்லாமே அதற்கு வாகனம். எல்லாவற்றிலும் சிறந்த வாகனம் விதைக்கிழங்கு. ஒரு ஹெக்டேர் நட 2 டன்னுக்கு மேல் விதைக்கிழங்கு வேண்டும். அத்தனை கிழங்கிலும் ஒட்டியிருக்கும் மண்ணை யார் துடைத்துப் பார்ப்பது?

இங்கே ஒரே ஒரு ஆறுதல். இது குளிர்ந்த மண்ணை விரும்பும் புழு. சமவெளிச் சூட்டில் தழைக்காது. ஆனால் நீலகிரியில் இருந்து இமாச்சலுக்கோ டார்ஜிலிங்குக்கோ ஷில்லாங்குக்கோ விதைக்கிழங்கு போனால்?

அதே புழுவை முன்பே படித்த ஒரு தமிழர்

இந்த இடத்தில் கதையை 12 ஆண்டுகள் பின்னால் கொண்டு போக வேண்டும். கும்பகோணத்தில் 1925ல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனைப் பசுமைப் புரட்சிக்காக எல்லோருக்கும் தெரியும். அரிசி, கோதுமை என்றால் அவர் பெயர் வரும். ஆனால் அவர் ஆராய்ச்சியாளராக உருவானது உருளைக்கிழங்கில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் படித்து, டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மரபியல் படித்த அவருக்கு ஐ.பி.எஸ். பதவியும் கிடைத்தது, நெதர்லாந்தில் படிக்க யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. போலீஸ் வேலையை விட்டுவிட்டு 1949ல் வாகனிங்கன் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சி என்ன? உருளைக்கிழங்கில் தங்க நூற்புழுவை எதிர்க்கும் திறனை எப்படிக் கொண்டு வருவது!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டச்சு மக்கள் பட்டினியைச் சமாளிக்க ஒரே நிலத்தில் மறுபடி மறுபடி உருளையே போட்டிருந்தார்கள். புழு பெருகிவிட்டது. ஆண்டீஸ் மலையின் காட்டு உருளை இனங்களில் எதிர்ப்புத் திறன் உண்டு. ஆனால் காட்டு இனங்கள் பலவற்றுக்கு 24 குரோமோசோம்கள், நாம் சாப்பிடும் கிழங்குக்கு 48. இரண்டையும் கலந்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது, பிடித்தாலும் மலடாகும். குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி அந்தத் தடையைத் தாண்டுவது எப்படி என்பதுதான் சுவாமிநாதனின் வேலை. அதைக் கேம்பிரிட்ஜில் தொடர்ந்து 1952ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உறைபனியைத் தாங்கும் உருளைக்கான கலப்புகளைச் செய்தார். 'அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்' என்ற ரகம் அந்தப் பணியின் வழியில் வந்தது.

விஸ்கான்சினிலேயே வேலை தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு 1954ல் இந்தியா திரும்பினார். திரும்பியதும் கிடைத்த வேலை உருளையில் அல்ல, கட்டாக்கில் நெல்லில்! பிறகு டெல்லி, பிறகு கோதுமை. 1961ல் அவருடைய சொந்த மாநிலத்து மலையில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தப் புழுவுக்கு எதிரான மரபியலைக் கற்ற தமிழர் வேறு பயிரில் மூழ்கியிருந்தார். நீலகிரித் திட்டத்தை நடத்தியது அவர் அல்ல. கோதுமையால் நாட்டுக்குக் கிடைத்ததைப் பார்த்தால் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், அவருக்கு 1954ல் முத்தோரை போன்ற ஓர் இடத்தில் வேலை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

முத்தோரையின் பதில்

1963ல் ஊட்டியில் தங்க நூற்புழுவுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. முதல் வேலை, புழு எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. வயலில் மண் எடுத்து நன்றாகக் காய வைத்துத் தண்ணீரில் கரைத்தால் மண் அடியில் தங்கும். காய்ந்த முட்டைக்கூடு காற்றோடு இருப்பதால் மிதக்கும். அதைச் சல்லடையில் வடித்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். சொல்ல எளிதாக இருக்கிறது. வயல் வயலாக மலையெங்கும் ஏறி இறங்கிச் செய்ய வேண்டிய வேலை அது.

தேடத் தேடப் பரப்பு கூடியது. நீலகிரியோடு நிற்காமல் பின்னாளில் கொடைக்கானல் மலையிலும் தெரிந்தது. அதோடு இன்னொரு கெட்ட செய்தி. புழு ஒன்றல்ல, இரண்டு! தங்க நிறத்துக்கு மாறாமல் வெள்ளையாகவே இருக்கும் வகையை 1973ல் 'குளோபோடெரா பாலிடா' என்ற தனி இனமாகப் பிரித்தார்கள். நீலகிரியில் இரண்டும் கலந்தே இருந்தன.

இது ஏன் முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தே உதாரணம். அங்கே 1966ல் 'மாரிஸ் பைப்பர்' என்ற ரகம் வந்தது. சுவாமிநாதன் படித்த அதே கேம்பிரிட்ஜ் பயிர்ப்பெருக்க நிறுவனத்தில் உருவானது. ஆண்டீஸ் உருளையில் இருந்து எடுத்த 'எச் 1' என்ற ஒரே மரபணு அதைத் தங்க நூற்புழுவிடம் இருந்து காத்தது. புழு வேருக்குள் போகும், ஆனால் அதற்குச் சோறு ஊட்டும் செல்கள் செத்துவிடும். பெண் புழு பட்டினியில் மடியும். அருமையான ரகம்தான், ஆனால் எச் 1 வெள்ளைப் புழுவை ஒன்றும் செய்யாது. நாடு முழுக்க மாரிஸ் பைப்பர் போட்டதில் தங்கப் புழு குறைந்தது, காலியான இடத்தில் வெள்ளைப் புழு பெருகியது! இரண்டும் கலந்திருக்கும் நீலகிரியில் எச் 1 மட்டும் போட்டிருந்தால் இதேதான் நடந்திருக்கும்.

எனவே இரண்டையும் தாங்கும் ரகம் தேவைப்பட்டது. 'சொலானம் வெர்னை' என்ற காட்டு இனத்தில் அந்தத் திறன் உண்டு. அதன் வழி வந்த ஓர் ஐரோப்பியக் கலப்பினத்தோடு குஃப்ரி ஜோதியைச் சேர்த்து, பல ஆண்டுகள் புழு நிறைந்த மண்ணிலேயே வளர்த்துத் தேர்ந்தெடுத்து 1985ல் வெளியிட்டார்கள். பெயர் குஃப்ரி ஸ்வர்ணா. தங்கப் புழுவுக்கு எதிராகத் 'தங்கம்' என்றே பெயர்! ஜோன்ஸ் அந்த வேரைப் பார்த்ததில் இருந்து 24 ஆண்டுகள்.

தாமதம் என்று தோன்றலாம். ஆனால் உருளைக் கலப்பினத்தில் ஒவ்வொரு விதையும் தாயைப் போல இருக்காது. நூற்றுக்கணக்கான நாற்றுகளில் ஒன்றிரண்டு தேறும். அதில் புழு எதிர்ப்பு இருக்க வேண்டும், கருகல் எதிர்ப்பு இருக்க வேண்டும், விளைச்சல் இருக்க வேண்டும், சமைத்தால் ருசியும் இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் எடுக்கும் வியாபாரிக்கு நூற்புழு எதிர்ப்புத் திறன் தெரியாது, கிழங்கின் வடிவமும் தோலும்தான் தெரியும். அதனால்தான் எதிர்ப்பு ரகம் வந்த பிறகும் பல விவசாயிகள் ஜோதியை விடவில்லை. அந்த ஜோதியின் கருகல் எதிர்ப்பும் காலப்போக்கில் மலைகளில் உடைந்து போனது.

ரகம் கிடைக்கும் வரையிலும், கிடைத்த பிறகும், விவசாயிகள் கையில் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று கார்போஃபியூரான் குருணை. புழுவைக் குறைத்தது உண்மை. ஆனால் அது பறவைகளுக்குக் கொடிய விஷம், மனிதருக்கும் ஆபத்து. அதுவும் ஆறுகள் பிறக்கும் ஒரு மலையில்! இன்னொன்று பயிர் சுழற்சி. மூன்று நான்கு வருடம் உருளை போடாமல் கேரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி, பீட்ரூட், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றினால் எழுப்ப ஆள் இல்லாமல் முட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகும். பழைய சிகிச்சைதான், மலிவானதும் அதுதான். ஆனால் அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் நாலு வருடம் உருளை போடாதே என்று சொல்வது ஆய்வுக் கட்டுரையில் எழுதுவது போல எளிதல்ல.

யார் விலை கொடுத்தார்கள்?

1971ல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. 1914ஆம் ஆண்டின் அழிக்கும் பூச்சிகள், நோய்கள் சட்டத்தின் கீழ், புழு உள்ள மலையில் இருந்து விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகத் தடை. சாப்பிடும் கிழங்குக்கு அல்ல, விதைக்கு.

அறிவியல்படி இது சரியான முடிவு. இதைச் செய்யாமல் இருந்திருந்தால் வடக்கின் மலைகளுக்குப் புழுவை நாமே பார்சல் அனுப்பியிருப்போம். ஆனால் அந்தப் பாதுகாப்பின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உருளையில் நல்ல லாபம் விதைக்கிழங்கில்தான். குளிர் மலையில் நோய்பரப்பும் அசுவினிப் பூச்சி குறைவு என்பதால் அந்தக் காலத்தில் விதைக்கு மலைக் கிழங்கையே தேடுவார்கள். அந்தச் சந்தை நீலகிரிக்கு மூடியது.

அதே காலத்தில் சிம்லா நிறுவனத்தின் புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானி, சமவெளியிலேயே அசுவினி குறைவாக உள்ள குளிர்கால மாதங்களில் விதைக்கிழங்கு உற்பத்தி செய்யும் முறையை உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டு வந்தார். இந்திய உருளைக்கிழங்கின் தலையெழுத்தையே மாற்றியது அது. பஞ்சாப் நாட்டின் விதைக்கிழங்குக் களஞ்சியம் ஆனது. கர்நாடகத்தின் ஹாசன் விவசாயிகள் விதை வாங்குவது பக்கத்து நீலகிரியில் அல்ல, ஜலந்தரில்! இந்தியா உருளை உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. நீலகிரியில் உருளை வயல்கள் சுருங்கின. பல சரிவுகள் தேயிலைக்குப் போயின, சில கேரட்டுக்குப் போயின. புழு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. தேயிலை விலையும் மானியங்களும் கூலியும் சேர்ந்துதான் அதைச் செய்தன. ஆனால் புழுவுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்றும் காய்கறிக் கடைகளில் 'ஊட்டி உருளை' என்றால் விலை கொஞ்சம் கூடுதல். அந்தப் பெயருக்கான மதிப்பு போகவில்லை.

புழு வடக்கே போனது

முத்தோரையின் பணியும் நிற்கவில்லை. 2010ல் இரண்டு வகைப் புழுக்களையும் கருகலையும் சேர்த்துத் தாங்கும் குஃப்ரி நீலிமா வந்தது. அதற்குப் பிறகு குஃப்ரி சஹ்யாத்ரி. 2011ல் உருளைக்கிழங்கின் முழு மரபணுத் தொகுதியும் 'நேச்சர்' இதழில் வெளியானது. 39,031 மரபணுக்கள். அந்தப் பன்னாட்டுக் குழுவில் சிம்லா நிறுவனமும் ஒன்று. இப்போது எச் 1 இருக்கிறதா என்று பார்க்கப் புழு மண்ணில் செடியை நட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் இலைத் துண்டில் இருந்து எடுத்த டி.என்.ஏ. போதும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வந்தது அடுத்த அதிர்ச்சி. இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளிலும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது தெரிந்தது. எந்தக் குஃப்ரியின் பெயரால் இந்திய ரகங்கள் எல்லாம் அழைக்கப்படுகின்றனவோ, அந்தக் குஃப்ரியில் உள்ள ஆராய்ச்சிப் பண்ணை மண்ணிலும்! 2018ல் மத்திய அரசு அந்த மலைப்பகுதிகளின் விதைக்கிழங்குக்கும் தடை போட்டது. 47 ஆண்டுகளுக்கு முன் நீலகிரிக்குப் போட்ட அதே தடை. பரம்பரையாக விதைக்கிழங்கு விற்று வாழ்ந்த இமாச்சல விவசாயிகளும் நீலகிரி விவசாயிகள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள்: எங்கள் மண்ணில் யாரோ கொண்டு வந்து போட்ட புழுவுக்கு நாங்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் இரண்டு வழிகளில் முயன்றார்கள். ஒன்று, விதைக்கிழங்கைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊற வைத்து, மேலே ஒட்டியிருக்கும் முட்டைக்கூடுகளைச் செயலிழக்கச் செய்வது. இன்னொன்று மண்ணே இல்லாமல் விதைக்கிழங்கு வளர்ப்பது. பெட்டிக்குள் வேர்கள் அந்தரத்தில் தொங்கும், சத்து நீரைப் பனிபோலத் தெளிப்பார்கள், கோலிகுண்டு அளவில் கிழங்குகள் காய்க்கும். மண் இல்லை என்பதால் அந்தக் கிழங்கில் புழுவும் இல்லை. ஆனால் அதை நடப்போகும் வயலின் மண்ணில் 20 வருட முட்டைகள் இருந்தால், வேரின் வாசனை பட்ட அன்றே அவை விழித்துக்கொள்ளும்.